ஐந்தாவது கிளாஸின் கடற்காற்று

பெயர் என்ற கட்டத்தில் ‘குழாய்’ என்று விழுந்தது. வயது இருபத்து நான்கு. இருக்குமிடம், பீர் ஆலையின் கழுவும் அறை.

நாள் முழுக்க ரப்பர் கையுறைக்குள் ஊறிய விரல்களைப் போன் மதிப்பதில்லை. அதனால் எதையும் வாயால் சொல்லித்தான் எழுதுவான். அக்காவுக்கு அனுப்பும் செய்தியும் அப்படித்தான், இந்த ருசிப் படிவமும் அப்படித்தான்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. பீர் குழாய்களைக் கழுவ வந்த முதல் நாளே இங்கே எல்லோரும் கூடி அவனுக்கு மறுபெயர் சூட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு அவன் சொன்னது குளிர்பானக் கம்பெனி என்று. குளிராக இருக்கிறது, பானமாகவும் இருக்கிறது. இதில் பொய் எங்கே வந்தது?

மதியம் மூன்று மணிக்கு அவனையும் ருசி மேசையில் உட்கார வைத்தார்கள். தற்காலிக வேலையின் ஆறாவது மாதம் இன்றோடு சரி. நாக்கு தேறினால் நிரந்தரக் கடிதம். தேறாவிட்டால் மாதக் கடைசியில் ஊருக்கு விமானம், பிறகு ‘என்னடா, அதுக்குள்ள வந்துட்டே’ என்று கேட்க வரிசை கட்டி நிற்கும் சொந்தபந்தம்.

மேசையைச் சுற்றி நான்கு பேர். முதலாளியம்மா. பீர் காய்ச்சும் மாஸ்டர். பீரைப் பற்றி இணையத்தில் எழுதியே தொப்பை வளர்த்த தாடிக்காரர். ஓரத்தில் குழாய். ஆளுக்கு ஐந்து கிளாஸ், கவுண்டர் குழாய்களிலிருந்து அப்போதுதான் பிடித்தது.

முதலாவது கோதுமை பீர். தாடிக்காரர் கிளாஸுக்குள் மூக்கை மட்டும் விட நினைத்தார், தாடியும் கூடவே போய்விட்டது.

“வாழைப்பழம். பின்னாடியே கிராம்பு.”

அவன் ஒரு மடக்கு குடித்தான். உண்மையாகவே வாழைப்பழம் இருந்தது. ஏமாற்றமாகப் போய்விட்டது. மனிதர் கதைவிடுகிறார் என்று நம்பித்தான் வந்திருந்தான்.

இரண்டாவது லாகர். தெளிவாக, சுத்தமாக, ரொட்டி வாசனையோடு இருந்தது. அதைப் பற்றித் தாடிக்காரர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் வைக்காத பீர் அவருக்கு மரியாதை தெரியாத பீர்.

மூன்றாவது நாக்கை மடக்கிப் போடும் கசப்பு ஐபிஏ. “பைன் காடு. மழை பெஞ்சு ஓஞ்ச பைன் காடு,” என்றார். மழை பெய்யும்போது காட்டை நக்கினால் வேறு ருசி போலிருக்கிறது.

நான்காவது கருப்பு ஸ்டவுட். காபி, சாக்லேட், லேசாகக் கருகிய ரொட்டி. காலைச் சாப்பாட்டையே ஒருவன் கிளாஸில் முடித்துக்கொள்ளலாம். யாரும் பார்க்காதபோது அவன் இன்னொரு மடக்கும் குடித்தான். குடித்துவிட்டு, அக்காவை நினைத்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

ஐந்தாவது, மாஸ்டர் மூன்று மாதம் தூக்கம் கெட்டுச் செய்த உப்பு போட்ட புளிப்பு பீர். மாலை ஐந்து மணிக்கு அறிமுகம். எண்பது பேருக்கு அழைப்பு போயிருந்தது.

மாஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “புளிப்பு எங்கயோ இறங்கிட்ட மாதிரி இல்ல?”

தாடிக்காரர் கண்ணை மூடியவர் திறக்கவேயில்லை. “அதான் மாஸ்டர் அடக்கம்ங்கிறது. கடற்காத்து. நனைஞ்ச பாறை. நாக்குல பட்டு மாதிரி ஓடுது பாருங்க.”

மாஸ்டரின் நெற்றி உடனே விரிந்தது. தன்னிடம் இவ்வளவு அடக்கம் இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரியும்.

முதலாளியம்மா இவன் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு குழாய். எப்படி இருக்கு?”

அவன் நுனி நாக்கில் தொட்டான். தொட்ட மாத்திரத்தில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

“வழுவழுன்னு இருக்குங்கம்மா,” என்றான். அது உண்மை.

“பாத்தீங்களா, பையனுக்கு நாக்கு இருக்கு,” என்று மேசையைத் தட்டிய முதலாளியம்மா, அங்கேயே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பரவாயில்லை, தேறிவிடுவான் என்று தாடிக்காரரும் ஆசீர்வதித்தார்.

கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினான். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுக் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பீப்பாய்களுக்கு நடுவே நின்று போனை எடுத்தான். ‘கடிதம் வந்துச்சாடா?’ என்று அக்கா மூன்றாம் முறையாகக் கேட்டிருந்தாள். வந்துவிட்டது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா பக்கத்து வீட்டுக்கே ஓடுவாள்.

அவன் அக்காவை விட்டுவிட்டு ருசிப் படிவத்தைத் திறந்தான். கடைசியில் ‘கூடுதல் கருத்து’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் விழுவது உடனே மேசையில் இருக்கும் மூவர் போனுக்கும் போய்ச் சேரும். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாதவர்களுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த கட்டம்.

பைக்குள் இருந்த கடிதத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். போனை வாயருகே வைத்து மெல்லப் பேசினான். பேசப் பேச எழுத்து விழுந்தது.

“அது கடற்காத்து இல்லைங்க. குழாய் கழுவுற கெமிக்கல், அதான் அந்த வழுவழுப்பு, புளிப்பை முறிச்சதும் அதான். காலையில அஞ்சாம் நம்பர் குழாய்ல கெமிக்கல் விட்டு வெச்சிருந்தேன். அப்புறம் மூணு தடவை தண்ணி விட்டு அலசணும். ஒரு தடவை விட்டதும் அக்கா போன் பண்ணினா, கடிதம் வந்துச்சான்னு கேட்டு. பேசிட்டு வந்து, மூணும் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு மூடிட்டேன். மாஸ்டர் பீர் மேல ஒரு குத்தமும் இல்ல, அதோட புளிப்பைத் தின்னதே நான்தான். கடிதத்தை நானே கொண்டு வந்து திருப்பிக் குடுத்துடறேன். இதை யார் மொதல்ல படிச்சாலும், தயவுசெஞ்சு அஞ்சு மணிக்கு அந்தக் குழாயைத் திறக்க விடாதீங்க. நீங்க மூணு பேரும் வாயை நல்லாக் கொப்பளிச்சுக்குங்க.”