ஆப்ரியின் மணி

ஞாயிறு நண்பகல். தேவாலயத்துக்கு எதிரே ‘கலப்பையும் கதிர்க்கட்டும்’ பப்பில், கணப்படுப்பைச் சுற்றி மணியடிப்பவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். தாழ்ந்த ஜன்னல் வழியே வரும் வெயில் பியர் கோப்பைகளில் தேன்நிறமாய் நிற்கிறது. பெரிய மணியை அடித்துவந்த ஆப்ரியின் நாற்காலி மட்டும் காலி. வியாழனன்று அவரை அடக்கம் செய்தபோது, துக்கத்துக்காக எல்லா மணிகளின் நாக்கிலும் தோல் கட்டி, ஓசையை அமுக்கித்தான் அடித்தார்கள். கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி ஹெஸ்டர் வருகிறாள். கையுறையை விரல் விரலாகக் கழற்றியபடி, “ஏம்ப்பா கிளெமன்ட், காலையில அவரு மணி மட்டும் தொண்டை கட்டினாப்ல கேட்டுச்சே?” என்கிறாள். குழுத் தலைவன் கிளெமன்ட் தலை குனிகிறான். “மத்ததையெல்லாம் அவுத்தாச்சு. அதுல மட்டும் கை வைக்க மனசு வரலைங்க.” “போய் அவுத்து விடு. நாப்பது வருஷம் அவர் வாயை என்னாலயே அடக்க முடியல. உன் தோல்துண்டா அடக்கிடும்?” சிரிப்பு எழுந்து பாதியில் நின்றுபோகிறது. கிளெமன்ட் சாலையைக் கடந்து, தேவாலயத்தின் பழைய கல் மணிக்கோபுரத்துக்குப் போகிறான். ஹெஸ்டர் காலி நாற்காலியில் உட்காருகிறாள். கணப்படுப்பில் விறகு வெடிக்கிறது. பிறகு ஆப்ரியின் மணியில் ஒரே ஒரு அடி. ஜன்னல் அதிர்கிறது, கோப்பைகளில் நுரை நடுங்குகிறது. ஹெஸ்டர் கண்களை மூடிக்கொள்கிறாள். “கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்,” என்கிறாள், எப்போதும் போல.