இருக்கிறபடியே

"மூணு வருஷமா தூங்குற கும்பகர்ணன் சார் இந்த ஜெனரேட்டர். பழைய டீசலை இறக்கணும், பேட்டரியைக் கழட்டி சார்ஜ் போடணும்," என்றார் மெக்கானிக்.

"எதையும் மாத்தாதீங்கண்ணே. இருக்கிறபடியே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

"சத்தியமா ஓடாது சார்."

அதைக் கேட்டதும், ஒரு மாதமாக அடைத்திருந்த அவன் நெஞ்சு சற்றே இளகியது.

மெக்கானிக் அலட்சியமாகச் சாவியைத் திருப்பினார். ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டு, சீராக ஓடத் தொடங்கியது.

"அட!" அவர் குனிந்து பார்த்தார். "ஃபில்டர்கூட புதுசு. நீங்க வேலைக்குப் போன நேரத்துல உங்க வீட்டம்மாதான் அப்பப்ப ஓட்டி, தயாரா வச்சிருக்கணும். கெட்டிக்காரங்க! கூப்பிடுங்க சார், ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன்."

அவன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

போன மாதம் மின்சாரம் நின்று அவளுடைய ஆக்சிஜன் மெஷின் அணைந்தபோது, ஜெனரேட்டர் எங்கே ஓடப்போகிறது என்று அவன் இந்தப் பக்கமே வரவில்லை. அவளைக் காரில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். பேச மூச்சில்லாத அவள், உயிர் போகும்வரை வீட்டுப் பக்கமே கை காட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டிலேயே சாக ஆசைப்படுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.