ஐந்தாவது கட்டம்

அம்மா கையுறையைக் கழற்றாமலே முதல் தாளை எடுத்தாள்.

"கெட்டதா ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. மனசைத் திடப்படுத்திக்கிறேன்."

"படிம்மா" என்றாள் மகள்.

மாலை வெயில் கடையின் கண்ணாடி அலமாரியில் விழுந்தது. காலையில் அடுக்கிய பன்கள் அடுக்கியபடியே இருந்தன.

பதினோராம் வகுப்பு வணிகவியலில் செயல்திட்டம். விற்பனை குறைந்துபோன ஒரு கடையை எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பது பேரைக் கேட்டுக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் பரிந்துரை எழுத வேண்டும். மற்ற பிள்ளைகள் கடை தேடி அலைந்தார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று அவள் அம்மாவின் கடையையே எடுத்துக்கொண்டாள்.

கேள்வித்தாளில் ஐந்து கட்டங்கள். பொருள், விலை, இடம், விளம்பரம். இந்த நான்கும் பாடப்புத்தகத்தில் இருப்பவை. ஐந்தாவது 'வேறு காரணம்'. அதன் எதிரே ஒரு கோடு. ஒப்புக்குத்தான் அதைச் சேர்த்திருந்தாள்.

தான் யார் மகள் என்று தெரியாத வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்டினாள். பதில் எதுவானாலும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

முப்பது முறை நன்றி சொன்னாள்.

பச்சைக் குடை வைத்திருந்த ஒரு பெண், வாயால் சொல்லக் கூசி, பேனாவை வாங்கி அந்தக் கோட்டின் மேல் எழுதிக் கொடுத்தாள். அழகான எழுத்து. ஒரே ஒரு சொல்.

அந்தத் தாள்கள் பள்ளிப் பையின் அடியில் கிடந்தன.

அம்மாவின் கையில் இருந்தவை வேறு முப்பது. பள்ளி மாடிப்படியில் உட்கார்ந்து, இரண்டு நாள் மதிய இடைவேளையில் மகளே எழுதியவை. நாலு பேனா. எழுத்து மாறித் தெரிய வேண்டும் என்று பாதியை இடது கையால் எழுதியிருந்தாள்.

"விலை ஜாஸ்தின்னு பதினோரு பேரா! இதுக்குக் கீழ குறைச்சா சுத்திக் குடுக்கற காகிதத்தைத்தான் விக்கணும்."

மகள் சிரித்து வைத்தாள்.

"கடை தூரமாம். முக்குலேருந்து நாலு எட்டு. எல்லாருக்கும் ஒரே நேரத்துல கால்ல சுளுக்காடி?"

அம்மா கேலி பேசி எத்தனை நாளாயிற்று.

முப்பதையும் படித்து முடித்தாள். மேசையில் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். பிறகு முதல் தாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

இந்த முறை படிக்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் கண் நேராக அடிக்குப் போனது. ஐந்தாவது கட்டத்துக்கு. அங்கே ஒரு கணம் நின்றது. அடுத்த தாள்.

முப்பதிலும் அந்தக் கோடு காலியாக இருந்தது.

அம்மா தாள்களைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு விரலாக இழுத்துக் கையுறைகளைக் கழற்றினாள்.

நகக்கண்ணிலிருந்து மணிக்கட்டு வரை திட்டுத் திட்டாக வெள்ளை. மாவு என்று நினைக்கத் தோன்றும். கழுவினால் போகாத மாவு. இரண்டு வருடமாக இருக்கிறது. தொட்டால் ஒட்டாது என்று மருத்துவர் சொன்னார். அவர் சொன்னது அம்மாவிடம் மட்டும்தான். தெருவிடம் அல்ல.

"ஒருத்தர்கூட என் கையைப் பத்தி எழுதலையேடி."

மகள் வாயைத் திறந்தாள்.

"நானாத்தான் இல்லாததை நெனச்சு மருகிக்கிட்டு இருந்திருக்கேன். அவங்க பாவம், விலையைப் பாத்துத்தான் தயங்கியிருக்காங்க. ஜனங்களைப் போயி தப்பா நெனச்சுட்டேனே."

சொல்லிவிடலாம். சொன்னால் அம்மா கையுறையை எடுத்து மாட்டிக்கொள்வாள். அதற்கப்புறம் எதற்காகவும் கழற்ற மாட்டாள்.

"அம்மா..."

"இரு, கடைசிப் பக்கம் இன்னும் பாக்கலையே." அம்மா பரிந்துரையை வாய்விட்டுப் படித்தாள். "வாசலில் நின்று இலவசமாக ருசி பார்க்கக் கொடுக்கலாம். அட! யாரு பெத்த பொண்ணு!"

ஆசிரியை மதிப்பெண் போட வேண்டுமே என்று எழுதிய வரி அது.

அம்மா கை கழுவினாள். தலையை ஒதுக்கிக்கொண்டாள். நாலு பன்னை எடுத்துத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கினாள். இரண்டு வருடமாக உள்ளேயே நின்று வியாபாரம் பார்த்தவள், தட்டோடு வாசல்படி இறங்கினாள்.

கையுறைகள் மேசையில் கிடந்தன. விரல்கள் இன்னும் விரிந்தபடியே இருந்தன.

தெருவில் பச்சைக் குடை வந்துகொண்டிருந்தது.

"வாங்கம்மா, ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

அந்தப் பெண் தட்டைப் பார்த்தாள். தட்டைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். முகம் மறையும் அளவுக்குக் குடை சாய்ந்தது. எதிர்ப்பக்கம் போய்விட்டது.

அம்மா கொஞ்ச நேரம் குடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா திரும்பினாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"சும்மா குடுக்கறோம்னு தெரியல போலருக்கு. காசு கேப்போம்னு பயந்துட்டாங்க. பெருசா ஒரு அட்டை எழுதிக் குடேன்."

மகள் பேனாவை எடுத்தாள். பழக்கத்தில் அது இடது கைக்குப் போனது.