கூரையைத் தட்டுகிறவர்

“இன்னிக்கு ராத்திரி கால்வாய் உறையப் போகுதாம். குழாய்த் தண்ணியை வடிச்சாச்சா?”

படகின் கூரையில் இரண்டு தட்டு, உடனே இந்தக் கேள்வி. லினெட் கதவை ஒரு சாண் திறந்து தலையை நீட்டினாள். கரையில் தேநீர்க் கோப்பையோடு க்ளைவ் நின்றிருந்தார். பின்னால் கட்டியிருக்கும் படகு அவருடையது. எண்ணெய்க் கறை ஏறிய தொப்பி, பாதி முகத்தை மூடிய தாடி.

“பின்னே? வடிக்காம இருப்பேனா?” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கதவைச் சாத்தியதுதான் தாமதம், லினெட் ஓடிப்போய்க் குழாய்களைத் திறந்துவிட்டாள். வடிக்க வேண்டும் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

கோடையில் வீட்டை விற்றுப் படகை வாங்கியபோது அக்கா பமீலா சிரித்தாள். “வெயில் காலத்துல யாரு வேணா படகுல இருப்பாங்க. பனி உருகுற வரைக்கும் தாக்குப்பிடி, பாக்கலாம். முடியலேன்னா படகை வித்துட்டு என் வீட்டுப் பின்னறைக்கு வந்துடணும்.”

லினெட்டும் ரோஷத்தில் சரி என்றுவிட்டாள். அந்தப் பின்னறையில் துணி தேய்க்கும் மேசை இருந்தது, பூனை இருந்தது. நேரம் காலமில்லாமல் பமீலாவும் வந்து உட்காருவாள். அதற்கு உறைந்தே போகலாம்.

மறுநாள் கால்வாய் பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. வாத்துகள் தண்ணீரைத் தேடி நடந்துகொண்டிருந்தன. படகுகளுக்குக் கரி விற்க வரும் கரிப்படகு எங்கேயோ மதகுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, பழைய உரிமையாளர் கூரைமேல் விறகும் கரி மூட்டையும் தள்ளுவண்டியும் விட்டுப் போயிருந்தார்.

டக், டக். “அடுப்பை ராத்திரி அணைக்கிறதில்லையே?”

“அணைப்பாங்களா யாராவது?” என்றாள், முந்தின இரவு அணைத்துவிட்டு விடிய விடிய நடுங்கியவள்.

அவர் போனதும் அடுப்பில் கரியை நிரப்பி, இரவெல்லாம் கனியும்படி காற்றைக் குறைத்து வைத்தாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

இன்னொரு காலை வந்து, “காத்து போற ஓட்டையை எதையாவது வச்சு அடைக்கலையே?” என்று கேட்டார்.

லினெட்டின் பார்வை தானாக அந்த ஓட்டைக்குப் போனது. குளிர் தாங்காமல் அதில் ஒரு பழைய ஸ்வெட்டரைத் திணித்து வைத்திருந்தாள். எரிகிற அடுப்பு, அடைத்த ஓட்டை, உள்ளேயே தங்கும் கரிப்புகை. இரண்டு நாளாகத் தலைவலி வேறு. “சேச்சே, அந்தத் தப்பைச் செய்வேனா?” என்று சிரித்துவிட்டு, உள்ளே போய் ஸ்வெட்டரைப் பிடுங்கி எறிந்தாள்.

என்ன மனிதர் இவர் என்று உருகிப்போனாள். நீ செய், செய்யாதே என்று ஒரு வார்த்தை அதிகாரம் கிடையாது. கேட்கிற மாதிரி கேட்டு, உயிரையே காப்பாற்றிவிட்டுப் போகிறார். சில காலைகளில் கோப்பையோடு பனிக்கட்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். எத்தனை குளிர்காலம் பார்த்த கண்ணோ, அதில் எதைப் படிக்கிறாரோ என்று அவளும் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். இந்தத் தெம்பில் பமீலா போன் செய்தபோதெல்லாம், “இங்க எல்லாம் ஜோரா இருக்கு” என்றாள்.

ஒரு நாள் காலையில் மழை பிடித்தது. பனிக்கட்டி படபடவென்று வெடித்துத் துண்டு துண்டாக மிதந்தது. ஜெயித்துவிட்டோம் என்று லினெட் போனை எடுக்கும்போது, டக், டக்.

“உருக ஆரம்பிச்சுடுச்சு. இஞ்சினுக்குக் கீழ திறந்து பாத்தீங்களா?”

“காலையில முதல் வேலையே அதுதானே” என்றாள்.

அவர் நகர்ந்ததும் பலகையைத் தூக்கினாள். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். இஞ்சினைக் குளிர்விக்கக் கால்வாயிலிருந்து வரும் குழாய் குளிரில் வெடித்திருந்தது. இத்தனை நாள் உள்ளேயிருந்த பனிக்கட்டியே அடைப்பாக நின்றிருக்கிறது. இப்போது உருகிப் பீய்ச்சியடித்தது. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் வீடும் விற்றாச்சு, படகும் முழுகியாச்சு. தண்ணீரைத் துழாவி அந்தக் குழாயின் அடைப்பானைத் திருகி மூடினாள். வாளி வாளியாக இறைத்து வெளியே கொட்டினாள். முடிந்தபோது இடுப்பு கழன்றிருந்தது, ஆனால் படகு மிதந்தது.

“அக்கா, அந்த அறையைப் பூனைக்கே கொடுத்துடு” என்று போனில் சொல்லிவிட்டு வைத்தாள்.

சாயங்காலம் ஒரு இஞ்சி கேக் செய்து எடுத்துக்கொண்டு போய், முதல்முறையாக அவர் கூரையைத் தட்டினாள். க்ளைவ் ஈரச் சட்டையோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“இனிமேலும் நான் உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது க்ளைவ்” என்றாள். கண் கலங்கிவிட்டது. “இது எனக்கு முதல் குளிர்காலம். எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க கேட்டுட்டுப் போனதும்தான் ஓடிப்போய் ஒவ்வொண்ணையும் செஞ்சேன். நீங்க இல்லேன்னா நான் செத்திருப்பேன்.”

க்ளைவ் முகம் வெளுத்துப்போய்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“முதல் குளிர்காலமா? கூரை மேல அவ்வளவு விறகையும் கரியையும் பாத்து, பழம் தின்னு கொட்டை போட்டவங்கன்னுல்ல நினைச்சேன்” என்றார். “நான் அக்டோபர் வரைக்கும் பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தவன். கால்வாய் உறையறதுக்கு முன்னாடி கரிப்படகுக்காரன் அரையும் குறையுமா சொன்னது சரியான்னு தெரியாமத்தான் தினம் உங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்க ‘ஆமா’ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் ஓடிப்போய் நானும் செஞ்சேன்.”