மோட்டார் இல்லாத லென்ஸ்

கல்முனைக் கரையில் ஒரு கல்யாணம் என்றால், காவின் என்னும் கல்யாணப் பதிவை எழுதும் இடத்தில் பதிவுகாரர் இருப்பார், மௌலவி இருப்பார், சாட்சிகள் இருவர் இருப்பார்கள், மாப்பிள்ளை இருப்பார். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று விசாரிக்க வந்த தூரத்து மச்சான்மார்கூட இருப்பார்கள். மணப்பெண் மட்டும் இருக்கமாட்டாள். அவளுக்காக அவளைப் பெற்ற வாப்பா ஒப்பமிடுவார். முடிந்துவிட்டதா என்பதை அவள் உள்வீட்டில் இருந்தபடி யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

கமராக் கடை வைத்திருக்கும் ஜவுபருக்கு இதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. அவருடைய ஒரே மகள் அப்னாவுக்கு நாளை, வெள்ளிக்கிழமை, கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் கமராவே கூடாது என்று அவர் கட்டளையிட்டிருந்தார். போன வருடம் ஒரு வீட்டுக் கல்யாணப் படம் போனுக்குப் போன் தாவி ஊரைச் சுற்றி வந்தது. தன் வீட்டுக்கு அப்படியொன்று நேர்ந்தால் பள்ளிவாசல் வழியாகத் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்பது அவர் பயம்.

"கமரா விக்கிற ஆளுட வீட்டுல கமராவுக்குத் தடை," என்றான் கடையில் கமரா திருத்தும் கிசோக். "சாப்பாட்டுக் கடைக்காரர் பட்டினி கிடக்கிற மாதிரி."

"வாய மூடிட்டு வேலையப் பாருங்க, கிசோக்."

அப்போதுதான் றுஸ்னா உள்ளே வந்தாள். ஜவுபர் முன்பின் பார்த்திராத பெண். கையில், புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்கும் சிறிய கமரா. வந்ததும் அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

"காக்கா, இதுக்கு ஒரு சூம் லென்ஸ் வேணும். கமராக் கம்பனிட லென்ஸ் வாங்க எனக்கு ஏலா. வேற கம்பனி செஞ்சது இரிக்கிதா?"

"இரிக்கி மகள். என்னத்துக்கு? குருவி எடுக்கவா, கடல் எடுக்கவா?"

"நாப்பது அடியில ஒரு ஆம்பிளைட முகம் தெளிவா வரணும்."

அலுமாரியைத் திறந்த ஜவுபரின் கை அப்படியே நின்றது.

"ஆரு அந்த ஆம்பிளை? உங்கட ஆளா?"

"இல்ல."

"நீங்க எடுக்கிறது அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா எடுக்க விடமாட்டார். மேல்மாடி ஜன்னலால எடுக்கணும். வெளிச்சம் அடிக்காம வருமா?"

கிசோக் குனிந்து மெல்லக் கேட்டான்: "ரகசியப் பொலிசோ, முதலாளி?"

ஜவுபர் அவ்வளவு தூரம் போகவில்லை. எவளோ ஒருத்தியின் மாப்பிள்ளைக்கு இவள் வலை விரிக்கிறாள் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஆனாலும் லென்ஸைக் காட்டினார். றுஸ்னா அதைக் கமராவில் மாட்டி வீதிக்கு அப்பால் குறிபார்த்தாள். எதிர்ப்பக்கத்து மருந்துக் கடைக்காரர் கொட்டாவி விடுவது கடைவாய்ப் பல் வரைக்கும் பளிச்சென்று விழுந்தது.

"இதயே தாங்க, காக்கா."

அலுமாரியில் பார்வைக்கு அதே போன்ற பழைய லென்ஸ் ஒன்றும் இருந்தது. அதற்குள் மோட்டார் இல்லை. பெரிய கமராக்களில் உடம்புக்குள்ளேயே மோட்டார் உண்டு. றுஸ்னாவுடையது போன்ற ஆரம்பக் கமராக்களில் கிடையாது. மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் படத்தைத் தானாகத் தெளிவாக்காது. கையால் வளையத்தைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டும். பழக்கமில்லாத கைக்கு அது வசப்படாது.

றுஸ்னா காசு எண்ணும் நேரத்தில் ஜவுபர் பழையதைப் பெட்டியில் வைத்து ஒட்டினார்.

"முதலாளி, அது வந்து..." என்று கிசோக் தொடங்கினான்.

"உங்களுக்கிட்ட ஆரும் கேட்டயா?"

அவள் படியிறங்கிய பிறகு ஜவுபர் சொன்னார்: "ஒரு குடும்பத்தக் காப்பாத்தியிரிக்கன், கிசோக். வியாபாரத்திலயும் நன்மை தேடலாம்."

அத்தோடு கடையைப் பூட்டிக்கொண்டு, நிம்மதியாகப் பிற்பகல் அசர் தொழுகைக்குப் போனார்.

கல்யாணம் அவர் விரும்பியபடியே நடந்தது. வாசலில் ஆட்களை நிறுத்திப் போன்களை வாங்கி வைத்தார்கள். ஒரு படம்கூட வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்ததும் றுஸ்னா வந்து பெட்டியை மேசையில் வைத்தாள்.

"நீங்க காட்டின லென்ஸ் இது இல்ல. அண்டைக்கே திரும்பி வந்தன், கடை பூட்டு."

"மாறிப் போயிரிக்கும்," என்றார் ஜவுபர், குரலில் கூச்சமே இல்லாமல். "அது போகட்டும். அந்த ஆம்பிளைட முகம் கிடைச்சா?"

"நீங்களே பாருங்க."

கமராத் திரையில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போல வெள்ளைத் தொப்பிகள். நடுவில் யாரோ ஒருவர் புத்தகத்தின் மேல் குனிந்திருந்தார். கண் எது, தாடி எது என்று பிரிக்க முடியவில்லை.

கிசோக் எட்டிப் பார்த்தான். "முதலாளி, இது உங்கட பந்தல்."

ஜவுபரின் மரியாதை பறந்தது. "ஆருடி உன்ன என்ட வீட்டு மாடிக்கு விட்ட?"

"அப்னா. கெம்பஸில என்னோட படிச்சவ." றுஸ்னா சத்தம் போடவில்லை. "மாப்பிள்ளைய எடுக்க வேணாம், அவர வாழ்நாள் முழுக்கப் பாக்கத்தானே போறன் எண்டா. எனக்காக ஒப்பம் வைக்கக்குள்ள வாப்பாட முகம் எப்பிடி இரிக்கும், அத மட்டும் எடுத்துத் தா எண்டா."

ஜவுபர் அலுமாரியைத் திறந்து, மோட்டார் உள்ள லென்ஸை எடுத்து அவள் முன்னால் வைத்தார். காவின் எழுதி மூன்று நாட்கள் ஆகியிருந்தன.

அப்னா இப்போது ஊர் வழக்கப்படி கணவனோடு வாப்பாவின் வீட்டில்தான் குடியிருக்கிறாள். தன் கல்யாணத்தின் படம் என்று அவளிடம் இருப்பது அந்த ஒன்றுதான். அதில் வாப்பாவுக்கு முகம் இல்லை.