நடுவில் வரும் குரல்

கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றி, மேலே இரண்டு ரப்பர் பேண்டு போட்டு, மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள் அந்த அம்மாள். உள்ளே இருப்பது பொக்கிஷம் என்று ஒலிப்பதிவு ஸ்டுடியோக்காரருக்குக் கேட்காமலே புரிந்துவிட்டது.

கம்ப்யூட்டரில் புது மென்பொருள் ஏறிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறு சதவீதம் வரை ஓடிவந்துவிட்டு, சண்டி மாடு மாதிரி அங்கேயே நின்றுவிட்டது. அது நகரும்வரை பேசலாமே என்று, என்ன வேலையாக வந்தீர்கள் என்று விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம் என்றாள். மகள் ஆறு வயதில் பாடிய தவளைப் பாட்டு இந்தக் கேசட்டில் இருக்கிறது, வேறு எங்கேயும் இல்லை, கல்யாணத்தன்று மண்டபத்தில் போட வேண்டும். மளிகைச் சீட்டு படிப்பதுபோல் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

“நடுவுல அவரு குரல் வருது. அதை எடுக்கணும். முடியுமாண்ணா?”

“அவருன்னா?”

“வீட்டுக்காரரு. அவரு இல்லாமத்தான் கல்யாணம் நடக்குது.”

ஸ்டுடியோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். செத்துப்போன தன் அப்பாவின் குரல் எங்கேயும் பதிவாகாமலே போய்விட்டது. நினைத்துப் பார்த்தால் முகம் வருகிறது, இருமல்கூட வருகிறது. பேச்சு மட்டும் வருவதில்லை.

“எடுத்துடலாம்மா. அதுக்குன்னே வந்த சாஃப்ட்வேர்தான் இது” என்றார்.

“எடுத்த எடம் தெரியாம இருக்கணும்ணா. அவளுக்குக் காது ரொம்பக் கூர்மை.”

அந்த நேரம் பார்த்துத் திரையில் தொண்ணூற்றேழு ஆனது. அந்தச் சந்தோஷத்தில், கவலையே வேண்டாம், வியாழக்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

வாக்குக் கொடுப்பது சுலபம். இருபது வருடம் பழைய மென்பொருளில் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்த கை அது. புதியதில் எல்லாமே இடம் மாறிக் கிடந்தன. புகுந்த வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடும் மருமகள் மாதிரி, வெட்டுகிற பொத்தானைத் தேடியே முதல் நாள் போய்விட்டது. பழைய பழக்கத்தில் சேமிப்பதற்கென்று ஒரு விசையைத் தட்டினால், அது பாட்டைத் தலைகீழாக ஓட்டிக் காட்டியது.

புதிதாகக் கல்யாணம் ஆனவர் மாதிரி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே என்று மனைவி டீயை வைத்துவிட்டுக் கேலி செய்தாள்.

“கல்யாணமான புதுசுல நீயாவது நான் சொன்னதைக் கேட்ட. இது கேக்க மாட்டேங்குது.”

“யாரு, நானா?” என்றபடி அவள் போய்விட்டாள்.

இரண்டாம் நாள்தான் வித்தை பிடிபட்டது. பதிவை உள்ளே போட்டால் குரல்களைத் தனித்தனிக் கோடாகப் பிரித்துக் கொடுத்தது. குழந்தைக்குப் பச்சை, அந்த மனிதருக்கு நீலம், மின்விசிறிக்கும் மற்றதற்கும் சாம்பல். ஆனால் நீலத்தை மட்டும் கேட்டால் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருந்தது. அந்த மனிதர் பேசுகிற இடத்திலெல்லாம் குழந்தையின் பாட்டு திக்கி, ஒரு நொடி நின்று, பிறகு சன்னமாகத் தொடர்ந்தது. அந்தச் சன்ன இழைகள் நீலத்தோடு பின்னிக் கிடந்தன.

ஸ்டுடியோக்காரர் விடவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தலையில் பேன் பார்ப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்தார். நடுவில் ஒரு பாத்திரம் உருண்ட ஓசை வந்தது. அதையும் துடைத்தார்.

அந்த மனிதர் பேசியது என்னவோ திட்டுத்தான். அந்தக் காலத்து அப்பாக்களுக்குக் கொஞ்சவா தெரியும், தன் அப்பாவும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மதியம் அந்தக் குரல் கழுவிவைத்த கண்ணாடி மாதிரி பளிச்சென்று வெளியே வந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதருக்காக அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை அந்த அம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஸ்டுடியோக்காரர் பச்சைக் கோட்டை ஊமையாக்கினார், சாம்பலை ஊமையாக்கினார். இந்த மூன்று நாளில் அவர் விரல்களுக்கு எல்லாப் பொத்தானும் பழகியிருந்தன.

“பாட்டு, ஃபேன் சத்தம், எல்லாத்தையும் தூக்கிட்டேன்மா. இனி ஐயா மட்டும்தான்.”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் பொத்தானைத் தட்டிவிட்டார். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலிருந்தும் அந்தக் குரல் அறை முழுக்க நிறைந்தது.

“வாய மூடுறியா இல்லையா? உங்கம்மா மாதிரியே ஊளையிடாத.”

அவள் அழவில்லை. முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நாற்காலியோடு சுவர்ப் பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள், அவ்வளவுதான். துக்கம் சிலருக்கு இப்படித்தான் மரத்துப்போகும் என்று நினைத்த ஸ்டுடியோக்காரர், சத்தத்தை இன்னும் ஒரு புள்ளி கூட்டிவைத்தார்.

“பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இல்லம்மா?”

குரல் ஓடி முடிந்தது. அறையில் சத்தம் அடங்கிய பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

“அவரு இல்லாத பாட்டுதாண்ணா நான் கேட்டது.”