தொண்ணூறுக்குக் கீழே

காசு போட்டால்தான் ஓடும் அந்த லிஃப்ட், பத்து தெத்ரிக் காசை விழுங்கிவிட்டு நான்காம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றது. பாதி திபிலிசிக்குக் கரண்ட் இல்லை.

கரண்ட் வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது.

ரேவாஸ் மூலையில் ஒட்டிக்கொண்டு செல்போனைப் பிடித்திருந்தான். வெளிச்சமும் அதில்தான், ஆம்புலன்ஸ் டாக்டரின் குரலும் அதில்தான். மேலிருந்து பக்கத்து வீட்டு வாக்தாங் கத்தினான்.

"பெட்டியில காசு போட்டீங்களா இல்லையா?"

"கரண்டே இல்லடா, மடையா!" என்று ரேவாஸின் மாமியார் எதேரி திருப்பிக் கத்தினார்.

குழந்தை ஒருமுறை முனகியது. உடம்பெல்லாம் ஊதா. எதேரி அதைத் துடைத்து, மகள் தேக்லாவின் நெஞ்சில் போட்டுச் சால்வையால் மூடினார்.

"அம்மா, அந்த மெஷினை மாட்டு. எனக்கு நம்பர் தெரியணும்."

கொரோனா சமயத்தில் தேக்லாவின் அப்பா விரலில் மாட்டியிருந்த ஆக்ஸிமீட்டர் அது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் தொண்ணூறுக்குக் கீழே போன அன்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எதேரி அது இல்லாமல் வாசல்படி தாண்டியதில்லை.

"பிறந்ததும் அறுபது சொச்சம்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "பத்து நிமிஷத்துல மெதுவா ஏறும். முதுகைத் தேய்ச்சுக்கிட்டே இருங்க."

ஏறாவிட்டால் என்ன என்று ரேவாஸ் கேட்கவில்லை. கேட்டால் தேக்லாவின் காதில் விழும்.

எதேரி சால்வைக்குள் கைவிட்டுப் பிஞ்சுப் பாதத்தில் அதை மாட்டினார்.

"வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்புங்க மாப்ள, குழந்தைக்குக் கண்ணு கூசும்."

திருப்பினான்.

"அறுபத்திரெண்டு."

தேக்லா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அறுபத்தெட்டு... மூச்சை இழுடி கழுதை... எழுபத்தொண்ணு. அறுபத்தொம்பது. ஒண்ணுமில்ல, நெளியுது."

கதவை உடைக்கலாமென்றால் எதிரே செங்கல் சுவர். இப்படிக் கையாலாகாமல் ரேவாஸ் நின்றதே இல்லை. மாமியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்பத்தைந்தில் குழந்தை வீறிட்டது.

"தொண்ணூத்திமூணு" என்று எதேரி சொன்னதும் தேக்லா ஓவென்று அழுதாள்.

கரண்ட் வந்தது. கீழே ஆம்புலன்ஸ்காரர்கள் தாயையும் பிள்ளையையும் ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். குழந்தை செக்கச்செவேலென்று கத்திக்கொண்டிருந்தது.

லிஃப்ட் தரையில் கிடந்த ஆக்ஸிமீட்டரை ரேவாஸ் எடுத்தான். பொத்தானை அழுத்தினான். திரை இருண்டே இருந்தது. பின்மூடியைத் திறந்தான். பேட்டரி இல்லை.

பனிக்காலத்தில் ரக்பி மேட்ச் பாதியில் டிவி ரிமோட் படுத்துவிட்டது. மாமியாரின் பையிலிருந்து இதை எடுத்து இரண்டு பேட்டரியையும் கழற்றியவன் அவன்தான். திருப்பிப் போட மறந்துவிட்டான்.

நிமிர்ந்தான். எதேரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைசியா எவ்வளவு இருந்துச்சு?" என்று ஸ்ட்ரெச்சரிலிருந்து தேக்லா கேட்டாள்.

ரேவாஸ் மூடியைப் பூட்டி, இருண்ட திரையைப் பார்த்தான்.

"தொண்ணூத்தாறு" என்றான்.